ஃபெஸ் நகரில் முறையாக ஏமாறுவது எப்படி?

மொராக்கோவுக்குப் போகிறவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள் எல்லாமே ஏமாறாமல் இருப்பது எப்படி என்றுதான் சொல்லித் தருகின்றன. அவற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போகிறவர், பர்ஸின் மேல் ஒரு கையை வைத்தபடி, எதிர்ப்படும் முகமெல்லாம் திருட்டு முகமாகத் தெரிய, ஃபெஸ் நகரைச் சுற்றிவிட்டு, ஒரு காசும் ஏமாறாமல், ஒன்றையும் பார்க்காமல் ஊர் திரும்புகிறார். இந்தக் கட்டுரை அவருக்கானதல்ல. எப்படியும் ஏமாறத்தான் போகிறோம், அதை எங்கே, எந்த வரிசையில், எவ்வளவுக்குச் செய்தால் கொடுத்த காசுக்குப் பொருள் தேறும் என்று யோசிக்கிற விவேகிகளுக்கானது.

முதல் ஏமாறல் இலவசம். பழைய நகருக்குள் நுழைய வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பாப் பூஜ்லூத் என்ற வாசலுக்குத்தான் வருவார்கள். வெளிப்பக்கம் நீல வேலைப்பாடு, உள்பக்கம் பச்சை. அதன் முன்னால் நின்று, ஆயிரத்திருநூறு ஆண்டுப் பழமை என்று உருகி, படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஊர் பழையதுதான். 789-இல் இத்ரீஸ் என்ற அரசர் ஆற்றின் ஒரு கரையில் ஊரை நிறுவினார். 809-இல் அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் எதிர்க்கரையில் இன்னொன்றை நிறுவினார். வாசல் மட்டும் 1913-இல் பிரெஞ்சு நிர்வாகம் கட்டியது. அசல் பழைய வாசல் பக்கத்திலேயே சிறியதாக, அடக்கமாக நிற்கிறது. அதை யாரும் படம் எடுப்பதில்லை. நீங்களும் எடுக்க வேண்டாம், லைக் விழாது.

அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு நன்றியும் சொல்லியாக வேண்டும், அரைமனதாக. 1912-இல் மொராக்கோ தங்கள் பாதுகாப்பில் வருவதாக சுல்தானிடம் கையெழுத்து வாங்கியது இந்த ஊரில்தான். வாங்கிய கையோடு தலைநகரை ரபாத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய தளபதி லியோத்தே, ஐரோப்பியருக்கென்று அகலத் தெருக்களோடு புது நகரத்தைத் தள்ளிக் கட்டினார். பழைய நகரை இடிக்காமல் விட்டார். அது பழமைமேல் இருந்த பிரியமா, உள்ளூர்க்காரர்களோடு ஒரே தெருவில் வசிக்கப் பிடிக்காததா என்று வரலாற்றாசிரியர்கள் அடித்துக்கொள்ளட்டும். பலன் நமக்கு. பழைய நகரத்தின் சந்துகளுக்குள் இன்றும் கார் கிடையாது. 1981-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புது நகரிலிருந்து வாசல்வரை வரும் சிவப்பு நிறச் சின்ன டாக்சியில் மீட்டர் ஓடும், மூன்று பேருக்குமேல் ஏற்றமாட்டார்கள். ஏமாறும் ஆர்வத்தோடு வந்தவருக்கு இது ஒரு சறுக்கல்தான்; மனம் தளர வேண்டாம்.

வாசலைத் தாண்டியதும் தாலா கெபீரா, தாலா ஸெகீரா என்று இரண்டு தெருக்கள் கீழ்நோக்கி இறங்கும். ஏதாவது ஒன்றில் இறங்கி, முதல் வாய்ப்பிலேயே குறுக்குச் சந்தில் திரும்பித் தொலைந்துபோங்கள். உள்ளே சுமார் 9,000 சந்துகள் என்று எல்லாக் கையேடுகளும் எழுதுகின்றன. எண்ணப் போனவர் திரும்பி வந்தாரா என்று ஒன்றும் எழுதுவதில்லை. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால் நீங்கள் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் நிற்பதாகக் காட்டும். அங்கிருந்து ஒரு குளியலறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பச் சொல்லும். நீங்கள் கைப்பேசியையும் சுவரையும் மாறிமாறிப் பார்க்கிற அந்த நிமிடத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் நிற்பான்.

"அந்தப் பக்கம் மூடியிருக்கு."

மூடியிருக்காது. பல நூற்றாண்டுகளாகத் திறந்தே கிடக்கிற சந்து அது. ஆனால் நீங்கள் "அப்படியா?" என்று முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு அவன் பின்னால் போக வேண்டும். பத்தடி முன்னால், உங்களுக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதுபோல் நடப்பான். கூச்ச சுபாவம் என்று நினைத்துவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் வழிகாட்டினால் சுற்றுலாப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். நடுவில் "எந்த நாடு?" என்று தலையைத் திருப்பாமல் கேட்பான். இந்தியா என்றதும் "ஷாருக் கான்! அமிதாப் பச்சன்!" என்று பூரித்து, ஓர் இந்திப் பாட்டை எடுத்துவிடுவான். நாங்கள் தென்னாடு, எங்களுக்கு இந்தி வராது, எங்கள் சூப்பர் ஸ்டார் வேறு என்றெல்லாம் மாநில உரிமைப் பிரச்சினையை அங்கே கிளப்பக் கூடாது. பாட்டின் அர்த்தம் அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த ஊரில் நீங்களும் ஓர் உள்ளூர்க்காரரும் முழுச் சமத்துவத்தோடு நிற்கிற ஒரே தருணம் அது.

போய்ச் சேர்ந்ததும் ஒரு தொகை கேட்பான். பாதியைக் கொடுங்கள். முகம் சுருங்கும். அது தொழில்முறைச் சுருக்கம், சந்து திரும்பியதும் சரியாகிவிடும். ஏமாற விருப்பமே இல்லாத கஞ்சர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: இறக்கத்திலேயே நடந்தால் ஆற்றையும் ர்ஸீஃப் சதுக்கத்தையும் அடைவீர்கள், ஏற்றத்திலேயே நடந்தால் பூஜ்லூத் வாசலுக்குப் போவீர்கள். இவ்வளவுதான் ஃபெஸ்ஸின் புவியியல். இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், பையன்கள் பிழைப்பு கெட்டுவிடும்.

நடக்கும்போது பின்னாலிருந்து "பாலக்!" என்று ஒரு குரல் வரும். திரும்பிப் பார்க்காதீர்கள், சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்ளுங்கள். கோவேறு கழுதை ஒன்று இருபக்கமும் கேஸ் சிலிண்டரோ, குளிர்பானப் பெட்டியோ, ஈரத் தோலோ சுமந்துகொண்டு வரும். உங்களுக்காக அது நிற்காது, வேலையாகப் போகிறது. வழுக்கும் கல் தரைக்காகச் சிலவற்றுக்கு டயர் ரப்பரில் லாடம் அடித்திருப்பார்கள். இந்த உழைப்பாளிகளுக்கென்று 1920-களின் கடைசியில் தொடங்கிய அமெரிக்கன் ஃபொந்தூக் என்ற கால்நடை மருத்துவமனை இன்றும் இலவசமாக வைத்தியம் பார்க்கிறது. மிதிபட்ட சுற்றுலாப் பயணிக்கு அந்தச் சலுகை கிடையாது.

இனி ஷுவாரா தோல் பதனிடும் களம். ஃபெஸ் என்றதும் எல்லோரும் காட்டுகிற படம் இதுதான். தரையில் தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான கல்தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம், தொடையளவு முங்கி நின்று தோலை மிதிக்கும் ஆட்கள். இதைப் பார்க்க நீங்கள் சுற்றிலும் உள்ள தோல் கடை ஒன்றின் மாடிக்கு ஏற வேண்டும். வாசலில் ஒருவர் புதினாக் கொத்தை நீட்டி, "பார்ப்பது இலவசம்" என்பார். அது சத்தியமான வார்த்தை. பார்ப்பதும் இலவசம், புதினாவும் இலவசம். இறங்கும் வழி மட்டும் கடை வழியாக.

மேலே நின்று மூக்கில் புதினாவை வைத்துக்கொண்டு கவனியுங்கள். ஓரமாக இருக்கிற வெள்ளைத் தொட்டிகளில்தான் கதை தொடங்குகிறது. சுண்ணாம்பு, தண்ணீர், மாட்டு மூத்திரம், புறா எச்சம். சுண்ணாம்பு மயிரைக் கழற்றும். எச்சத்தின் காரம் தோலைப் பதமாக்கும். சில நாள் ஊறிய தோலைச் சுரண்டி, அலசி, பிறகு சாயத் தொட்டிக்குக் கொண்டுபோவார்கள். ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் உண்டு. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்கள் புதினாவை வேண்டாம் என்று கையசைத்து, கடைக்காரர் மனதில் நீங்காத இடம் பிடிக்கலாம். மற்றவர்கள், இந்த நாற்றத்தில் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்கிறவர் கையில் புதினா இல்லை என்பதையும் ஒரு கணம் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கடையில் சாயங்களின் மகிமை தொடங்கும். நீலத்துக்கு அவுரி, ஆரஞ்சுக்கு மருதாணி, சிவப்புக்கு பாப்பி மலர் என்று வரிசையாகச் சொல்லி, மஞ்சள் வரும்போது குரலைத் தாழ்த்தி "குங்குமப்பூ" என்பார்கள். கிராம் கணக்கில் குங்குமப்பூ வாங்கிப் பிரியாணியில் நான்கு இழை போட்ட கையோடு டப்பாவைப் பூட்டி வைக்கிறவர் நீங்கள். இருந்தாலும் புருவத்தை உயர்த்துங்கள். மஞ்சள் நிறத்தில், முனை கூராக, பின்பக்கம் மடித்த பாபூஷ் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பேரத்தை ஆரம்பிக்கலாம். மெத்தென்று இருக்கும், அணிந்தால் நடை தானாகவே சுல்தான் நடை ஆகிவிடும். இது ஏமாறலே அல்ல, நல்ல கொள்முதல்.

கம்பளக் கடை அப்படியல்ல. அங்கே போவதற்கு முன் வீட்டில் கலந்து பேசிவிடுங்கள். தேநீர் வரும். சீனத்துப் பச்சைத் தேயிலை, ஒரு கைப்பிடி புதினா, பயமுறுத்தும் அளவு சர்க்கரை. ஒரு முழம் உயரத்திலிருந்து சிந்தாமல் ஊற்றுவார்கள். நீங்கள் குடித்து முடிப்பதற்குள் முப்பது கம்பளங்களை விரித்துவிடுவார்கள். "வாங்கத் தேவையில்லை, பாருங்கள், கண்ணுக்கு வரி இல்லை" என்பார் முதலாளி. விரித்த கம்பளங்களை மடிக்க இரண்டு ஆட்கள் படும் பாட்டைப் பார்த்ததும், இந்தக் குடும்பங்களுக்கு நாம் ஏதோ துரோகம் செய்துவிட்டோம் என்று ஓர் உணர்ச்சி வரும். கம்பள வியாபாரத்தின் மூலதனமே அந்த உணர்ச்சிதான். அது வந்த நிமிடமே எழுந்து நன்றி சொல்லி வெளியே வரத் தெரிந்தவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. வரத் தெரியாதவர், கையில் தூக்கிக்கொண்டு வரக்கூடிய அளவில் ஒன்றை வாங்குவது நல்லது.

இவ்வளவு செலவழித்தபின் பூ இனானியா மதரஸாவுக்குப் போனால் ஆறுதல் கிடைக்கும். 1350-களில் மரீனித் வம்சத்துச் சுல்தான் அபூ இனான் கட்டியது. முஸ்லிமல்லாதவர்களும் உள்ளே போகலாம், நுழைவுச் சீட்டு மலிவு. பளிங்கு முற்றத்தில் நின்று சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்: இடுப்புயரம்வரை சின்னச் சின்னதாகக் கையால் வெட்டிப் பொருத்திய ஸெல்லீஜ் ஓடுகள், அதற்குமேல் சரிகைபோல் செதுக்கிய சுண்ணச் சாந்து, அதற்கும் மேல் கருத்த தேவதாரு மரம். ஒரு விரல் அகலம் சும்மா விடவில்லை. கட்டி முடித்ததும் செலவுக் கணக்கை நீட்டினார்களாம். அபூ இனான் அதைப் பார்க்காமலே ஆற்றில் எறிந்தாராம். கதையாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் கம்பளக்காரரின் ரசீதை வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு உபயோகமான கதை. தெருவின் எதிர்ப்பக்கம் அதே சுல்தான் காலத்து நீர்க்கடிகாரத்தின் ஜன்னல் வரிசை இருக்கிறது. 1357-இல் முடிந்தது. உள்ளே இருந்த பொறி காணாமல் போய் வெகுகாலம் ஆகிறது. மணி பார்க்க நிற்காதீர்கள்.

இந்த அபூ இனானுக்கும் மதுரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சுமார் முப்பதாண்டு ஊர் சுற்றிவிட்டு வந்த தாஞ்சியர்க்காரர் இப்னு பதூதாவை உட்காரவைத்து, கிரானடாவிலிருந்து வந்த இப்னு ஜுஸை என்ற எழுத்தரிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னவர் இவர்தான். 1355-இல் இதே ஃபெஸ்ஸில் அந்த நூல் முடிந்தது. இப்னு பதூதா போனபோது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீனும் அவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள், அதாவது சகலைகள். சகலை என்று பார்க்காமல் அவருடைய கொடுமைகளையும், மதுரையில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த கொள்ளைநோயையும் இங்கே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்.

கேட்டவர்கள் நம்பினார்களா? டெல்லி சுல்தான் ஊர் திரும்பும்போது யானை மேல் கவண்பொறி ஏற்றி, கூட்டத்தின்மேல் பண மூட்டைகளை எறிந்தார் என்று இவர் சொன்னபோது, ஃபெஸ் அரசவையில் புளுகன் என்று முணுமுணுத்தார்களாம். அப்போது அங்கிருந்த இளைஞர், பின்னாளில் வரலாற்றாசிரியரான இப்னு கல்தூனுக்கும் சந்தேகம். வஸீர் ஒருவரிடம் கேட்டார். வஸீர் ஒரு கதை சொன்னார். தகப்பனோடு சிறையிலேயே வளர்ந்த ஒரு பிள்ளை, சாப்பிடுகிற இறைச்சி எது என்று கேட்டது. ஆடு என்றார் தகப்பன். ஆடு எப்படி இருக்கும் என்று அவர் விவரிக்க விவரிக்க, "எலி மாதிரியா அப்பா?" என்று கேட்டதாம். சிறையில் அது பார்த்த ஒரே பிராணி எலிதான். இப்னு கல்தூன் இதைத் தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். ஏமாந்துவிடக் கூடாது என்ற முனைப்பில் உண்மையையே கோட்டைவிட்ட அரசவை அது. ஃபெஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், இதற்கு நுழைவுச் சீட்டும் கிடையாது.

கரவியீன் பள்ளிவாசலுக்குள் முஸ்லிமல்லாதவர்கள் போக முடியாது. 859-இல் துனீசியாவின் கைரவானிலிருந்து குடியேறிய வணிகர் ஒருவரின் மகள் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி தமக்கு வந்த சொத்தில் கட்டியது என்பது மரபு. விடாமல் இயங்கிவரும் உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று கின்னஸ் ஏற்றிருக்கிறது. திறந்த கதவு வழியே முற்றத்தையும் நீரூற்றையும் பார்க்கலாம். உங்களோடு இருபது பேர் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பார்கள். "நான் மாடியிலிருந்து காட்டுகிறேன்" என்று ஒருவர் காதோரம் சொல்வார். போங்கள். பச்சை ஓட்டுக் கூரையும் இரண்டு கோபுரங்களும் தெரியும். அது அவருடைய மாமா கடையின் மாடி என்பதை ஊகித்திருப்பீர்கள். பக்கத்திலேயே ஸஃப்பாரீன் சதுக்கத்தில் செம்புப் பாத்திரம் அடிக்கிறார்கள். அங்கே யாரும் உங்களைக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது.

சாப்பாடு விஷயத்தில் ஏமாறவே கூடாது. வாசலருகே பல மொழிகளில் மெனு வைத்துக்கொண்டு கையைப் பிடித்து இழுக்கும் கடைகளைத் தாண்டி வாருங்கள். காலையில் பிஸாரா: உலர்ந்த ஃபாவா அவரையை வேகவைத்துக் கடைந்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் தூவித் தருவார்கள். கூடவே சூடான ரொட்டி. வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துச் சிறுவர்கள் தெருப் பொது அடுப்புக்கு எடுத்துப்போவதைப் பார்க்கலாம். எது எந்த வீட்டு ரொட்டி என்று அடுப்புக்காரருக்குத் தெரியும். ஃபெஸ்ஸின் பெருமை பஸ்தீயா. மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே புறா இறைச்சி, முட்டை, வாதுமை; மேலே லவங்கப்பட்டைப் பொடியும் சர்க்கரையும். இனிப்பா, காரமா என்று நாக்கு தீர்மானிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும். புறாவுக்குப் பதில் கோழியைப் போட்டுக் காசு பார்க்கிறவர்கள் உண்டு. சைவர்கள் பாடு திண்டாட்டம். இறைச்சி வேண்டாம் என்றால் "சரி, கோழி?" என்பார்கள்; காய்கறிக் குஸ்குஸும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கும். கசாப்புக் கடையில் புதினாவைக் கடித்தபடி தொங்கும் ஒட்டகத் தலையைப் பார்த்தபின் சைவராக மாற நினைப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளவும். வெள்ளிக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், அன்று வீடுகளில் குஸ்குஸ். "அந்தப் பக்கம் மூடியிருக்கு" என்று பையன் சொல்வது அன்றைக்கு நிஜமாகவும் இருக்கலாம்.

ஹம்மாம் குளியலுக்குத் தங்கும் விடுதி விலை ஒன்று, தெரு விலை ஒன்று. தெருவில் உள்ளதற்கே போங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் வேறு. ஆலிவ் எண்ணெயில் செய்த கருப்புச் சோப்பைப் பூசி, ஊறவைத்து, கெஸ்ஸா என்ற முரட்டுக் கையுறையால் தேய்ப்பார்கள். உருண்டு வரும் அழுக்கை உங்களிடமே காட்டுவார் தேய்ப்பவர். இத்தனை வருடம் குளித்ததாக நினைத்துக்கொண்டிருந்தீர்களே, அந்த ஏமாறலுக்கு முன் கம்பளம் எம்மாத்திரம்?

அரண்மனையின் பித்தளைக் கதவுகளைத் தவிர்க்கலாம். வயது சுமார் அரைநூற்றாண்டு, உள்ளே விடவும் மாட்டார்கள். குன்றின் மேலுள்ள மரீனித் கல்லறைகள் இடிபாடுதான், ஆனால் ஊர் முழுவதும் ஒரே பார்வையில் அங்கிருந்து தெரியும். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். 1438-இல் அமைந்த மெல்லா என்ற யூதர் குடியிருப்பில் தெருவைப் பார்த்த மரப் பால்கனிகளும் இப்னு தனான் ஜெப ஆலயமும் இருக்கின்றன. யூதர்களில் பெரும்பாலோர் கடந்த நூற்றாண்டில் புலம்பெயர்ந்துவிட்டார்கள். அங்கே ஏமாற்றக்கூட ஆள் குறைவு என்பதால், அவசியம் பார்க்க வேண்டிய இடம் என்றாலும் இந்தக் கட்டுரையின் வரம்புக்கு வெளியே போகிறது.

ஒன்று மறந்துவிடக் கூடாது. மொராக்கோ திர்ஹமை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு, சென்னையில் அதை மாற்றித் தர ஆள் கிடைப்பது கஷ்டம். ஆகவே சாமர்த்தியமாக ஏமாறாமல் மிச்சம் பிடித்ததை அங்கேயே விமான நிலையத்தில் மாற்ற வேண்டியிருக்கும். முதலில் பணம் மாற்றிய ரசீதைக் கேட்பார்கள்; பத்திரமாக வைத்திருங்கள். அவர்கள் தருகிற விலை, கம்பளக்காரர் கேட்டதைவிட மோசம்.